அடகு போன சங்கிலியும் ஆடி மொய்யும்: திருப்பூரில் ஓர் இளந்தம்பதியின் முதல் ஆண்டு

2024-ஆம் ஆண்டு வைகாசியில் திருமணமாகித் திருப்பூரில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடித்தனம் தொடங்கிய தம்பதி, அதே ஆண்டு கார்த்திகையில் எங்கள் குடும்ப ஆலோசனை மையத்துக்கு வந்தபோது சொன்ன புகார் ஒரு வரியில் அடங்கிவிடக்கூடியது: தாய்வீட்டார் போட்டனுப்பிய மூன்று பவுன் சங்கிலியைக் கணவர் மனைவியிடம் சொல்லாமல் அடகு வைத்துவிட்டார். இத்தகைய புகார்கள் குடும்ப ஆலோசகர்களுக்குப் புதியவை அல்ல; குடியோ, சூதோ, கைப்பேசியில் ஆடும் சீட்டாட்டமோ பின்னால் இருப்பதுதான் வழக்கம். இவர்கள் வீட்டில் அவற்றில் எதுவும் இல்லை. பணம் போன வழியைப் பின்தொடர்ந்து சென்றால் அது 2018 நவம்பரில் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கம் புயலில் ஒரே இரவில் சாய்ந்த தென்னை மரங்களில் போய் நிற்கிறது. மணமாகி ஆறு மாதம்கூட நிறையாத இருவர், தாங்கள் எழுதாத ஒரு கணக்கை எப்படிச் சுமக்க நேர்ந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

அடையாளம் தெரியாதிருக்க, இதையொத்த வேறு சில வீடுகளின் விவரங்களும் இதில் கலந்து எழுதப்பட்டுள்ளன.

குடித்தனம்

கணவருக்கு 27 வயது, மனைவிக்கு 23. கணவர் பேராவூரணியை அடுத்த ஒரு கிராமத்தவர். பிளஸ் டூ முடித்ததும் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் கைமடித்துக் கொடுக்கும் வேலையில் தொடங்கி, இப்போது ஓவர்லாக் டெய்லராகப் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், வேலை செய்கிறார். மனைவி ஒட்டன்சத்திரம் பக்கம்; அதே கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் இருக்கிறார். திருப்பூரில் நெடுங்காலமாக இருக்கும் பெண்ணின் அத்தை ஒருவர் பார்த்துச் சொல்லி, இரு வீட்டாரும் பேசி முடித்த திருமணம். நல்ல வாரமாக இருந்தால் சனிக்கிழமை இரவு இருவர் கையிலுமாக ஏழாயிரம் ரூபாய் வரும். ஆர்டர் குறைந்த வாரத்தில் நாலாயிரத்தைத் தாண்டாது. ஓர் அறையும் சமையல்கட்டும் கொண்ட வீட்டுக்கு மாத வாடகை 4,500, அட்வான்ஸ் 30,000. கழிப்பறை வரிசைக்குப் பொது. உப்புத்தண்ணீர் தினமும் வரும். நல்ல தண்ணீர் வரும் நாளில் வரிசை முழுவதும் குடத்தோடு விழித்திருக்கும்.

ஆலோசனைக்கு வருகிறவர்கள் குறைகளை மட்டுமே சொல்வார்கள் என்பதால், நன்றாக இருந்த நாட்களைப் பற்றித் தனியாகக் கேட்பது எங்கள் வழக்கம். மனைவிக்கு ஐந்தரை மணிக்கே ஷிப்ட் முடிந்துவிடும். கணவருக்கோ ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகும். முதல் மாதத்திலேயே, சூப்பர்வைசரிடம் கேட்டு மனைவியும் ஒன்றரை ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். கூடுதல் கூலிக்காக என்றுதான் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். உண்மையான காரணம், இருவரும் ஒரே வண்டியில் வீடு திரும்பலாம் என்பது. வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்துவதும், அன்று கம்பெனியில் எந்தத் தையல் லைனில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று பேசிக்கொள்வதும் அவர்களுக்கு நாளின் சிறந்த பகுதியாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மீன். கணவர் கடலோரம் வளர்ந்தவர். மனைவி வீட்டில் மீன் என்றால் குளத்து மீன், அதுவும் எப்போதாவது. ஐஸில் வைத்துத் திருப்பூருக்கு வரும் சங்கரா மீனைச் செதில் நீக்க அவருக்குத் தெரியாது என்பதால், கணவரே வாசல் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, செதில் தெறிக்காதபடி வாலைப் பிடித்துத் தலைப்பக்கமாகக் கத்தியை இழுத்துக் காட்டியிருக்கிறார். வரிசை வீட்டுப் பெண்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அவர் நிறுத்தவில்லை. இதைச் சொல்லும்போது, அதுவரை கணவரின் பக்கம் திரும்பாமலே பேசிக்கொண்டிருந்த மனைவி முதல் முறையாக அவரைப் பார்த்தார் என்பதை என் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். பிணக்கின் ஆழத்தை அளக்க இதுபோன்ற சிறு அசைவுகள் நீண்ட கேள்விப் பட்டியலைவிடப் பயன்படுகின்றன.

ஆடி

மணமான முதல் ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். சித்திரை வெயிலில் பிரசவம் நேரக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பனியன் கம்பெனி வேலையில் ஒரு மாதம் விடுப்பு எடுப்பது வேலையை விடுவதற்குச் சமம் என்பதால், திருப்பூரில் இன்று பலர் நான்கைந்து நாட்களோடு சடங்கை முடித்துக்கொள்கிறார்கள். இந்தப் பெண் இரண்டு வாரம் போய் வந்தார். அந்த இரண்டு வாரத்தில்தான் சங்கிலி பீரோவிலிருந்து வெளியே போனது.

கணவரின் ஊர் வழக்கத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அவர் செய்தது வெறும் திருட்டுத்தனமாகத் தோன்றும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் எனத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் சந்திக்கும் பகுதியில் ஆடி மாதம் மொய் விருந்துக் காலம். திருமணமோ காதுகுத்தோ இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே கறி விருந்து வைப்பார்கள். செலவைக் குறைக்கப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பதும், அழைப்பிதழில் எல்லார் பெயரும் வரிசையாக இருப்பதும், ஒவ்வொருவருக்கும் தனித்தனி எழுத்தர், தனித்தனிப் பாத்திரம் இருப்பதும் அங்கே இயல்பு. அண்மை ஆண்டுகளில் பணம் எண்ணும் இயந்திரமும் கணினி ரசீதும்கூட வந்துவிட்டன. ஒரு குடும்பம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விருந்து வைக்கலாம்; வந்த மொய்யை அந்தந்த வீட்டு விருந்தில் திருப்பி எழுத வேண்டும். வாங்கிய தொகையை மட்டும் எழுதினால் கணக்கு முடிந்தது, உறவும் ஏறக்குறைய முடிந்தது என்று பொருள். அதற்கு மேல் கூட்டி எழுதும் புதுநடைதான் கணக்கை உயிரோடு வைத்திருக்கிறது.

வட்டி இல்லாமல், ஈடு இல்லாமல், ஒரே நாளில் பல லட்சம் முதல் தரும் ஏற்பாடு இது. ஆழ்குழாய்க் கிணறும், கடையும், பிள்ளைகளின் படிப்பும் இந்தப் பணத்தில் எழுந்திருக்கின்றன. வெளியூர் ஆலோசகர்கள் சிலர் இதை வெறும் ஊதாரித்தனம் என்று ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். எந்த வங்கியும் கடன் தராத சிறு விவசாயிக்கு அந்தப் பந்தல் என்ன செய்து கொடுக்கிறது என்று பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அது தென்னையும் நெல்லும் தரும் வருமானத்தை நம்பி எழுந்த ஏற்பாடு. சனிக்கிழமைதோறும் கூலி வாங்கும் டெய்லரின் கையில் ஆடி என்பதற்காகக் கூடுதல் பணம் வருவதில்லை.

கணவரின் தந்தை 2016 ஆடியில் விருந்து வைத்து, வந்த பணத்தில் மகளின் திருமணத்தை முடித்தார். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் அவருடைய தோப்பு பெரும்பாலும் சாய்ந்தது. புதுக்கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு ஆகும். ஆகவே 2019 ஆடியில் விருந்து வைத்த வீடுகள் சிலவற்றுக்கு அவரால் மொய்யைத் திருப்ப முடியவில்லை. ஊரில் பலருக்கும் அதே நிலை என்பதால் அப்போது யாரும் நெருக்கவும் இல்லை. அந்த வீடுகள் ஐந்தாண்டு கழித்து மீண்டும் விருந்து வைத்த ஆண்டு 2024. மகனுக்கு மணமாகி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

தந்தை தன்னால் முடிந்ததைப் போட்டு, மீதி 60,000 ரூபாயை மகனிடம் கேட்டார். இதே வேளையில் அக்காள் மகளின் காதுகுத்து ஆவணியில் வைக்கப்பட்டது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் இவர் ஒருவரே. தோடு, பட்டுப்பாவாடை, சீர்த்தட்டுகள், வேன் வாடகை எல்லாம் சேர்த்து 50,000. நகைக்கடன் நிறுவனம் ஒன்றில் சங்கிலிக்குக் கிடைத்த தொகை 1,10,000. கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்தியிருப்பதைப் பார்த்தபோது, தனக்கென்று அவர் எதையும் எடுக்கவில்லை என்பதில் ஐயம் எஞ்சவில்லை.

கவரிங்

நகை போனதைவிட அதன் பிறகு நடந்தவைதான் மனைவியை அதிகம் புண்படுத்தின. மாத வட்டி 1,650 ரூபாயை மறைப்பதற்காக, பீஸ் ரேட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று கணவர் சொல்லிவந்தார். ஒரே கம்பெனியில் வேலை செய்யும் மனைவியிடம் இப்படிச் சொல்வது எவ்வளவு நாள் நிற்கும்? கணவரின் தையல் லைனிலேயே வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது, ரேட் குறையவே இல்லை என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து மனைவி எதையும் கேட்கவில்லை. ஆனால் கணவருக்கு வேறு பெண் தொடர்பு இருக்குமோ என்ற ஐயம் அவருக்குள் விழுந்திருக்கிறது. தலைதீபாவளிக்குப் புறப்படும் முதல் நாள் மாலை பீரோவைத் திறந்தபோது கணவர் உண்மையைச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், மாமியார் கண்ணில் படாதிருக்க, அதே அச்சில் வாங்கி வைத்திருந்த கவரிங் சங்கிலி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

தாராபுரம் வழியாக ஊர் போய்ச் சேர்ந்த அன்று இரவு, மகளுக்குத் தலை வாரிவிட்ட தாய் சங்கிலியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்திருக்கிறார். எடை சொல்லிவிட்டது. அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய் அடுப்பில் இருந்த அதிரசத்தைத் திருப்பிப் போட்டாராம். மறுநாள் விடியலில், எண்ணெய் வைத்துக் குளித்துப் புத்தாடை உடுத்தி வந்த மருமகனுக்கு மாமனார் அரைப்பவுன் மோதிரம் போட்டார். அந்த மோதிரம் மாமியாரின் மகளிர் குழுக் கடனில் வந்தது என்பது மனைவிக்குத் தெரியும், கணவருக்குத் தெரியாது. "அம்மா கழுத்தப் பாத்தப்ப என்ன சொல்றதுன்னு இவங்க எனக்குச் சொல்லித் தரல மேடம்" என்றார் மனைவி. முதல் அமர்விலேயே கணவர் மோதிரத்தைக் கழற்றி என் மேசைமேல் வைத்து, இதை விற்று முதலில் கொஞ்சம் அடைக்கிறேன் என்றபோது, மனைவி சொன்ன ஒரே சொல் "போடுங்க" என்பதுதான். அவர் திரும்ப அணிந்துகொண்டார்.

அமர்வுகள்

இத்தகைய வழக்கில் முதல் வேலை சமாதானம் பேசுவது அன்று. பெண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு, அடி உண்டா, மிரட்டல் உண்டா, சம்பளத்தைப் பிடுங்குகிறாரா, தாய்வீட்டோடு பேசத் தடை உண்டா என்று கேட்டறிய வேண்டும். எதுவும் இல்லை என்று உறுதியான பின்னரே இருவரையும் சேர்த்து உட்கார வைத்தேன். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அவரிடம் தனியே கொடுத்தேன். தேவைப்படாது என்று தோன்றினாலும் கொடுத்துவிட வேண்டியது அது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இருவருக்கும் ஒரே அமர்வில் சொன்னேன். பெண்ணுக்குத் தாய்வீட்டார் கொடுத்த நகை அவருடைய சீதனம். அவருக்கு மட்டுமே உரியது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனைவியின் சீதனத்தைக் கைமாற்றுவதைப் பொருளாதார வன்முறைக்குள் சேர்க்கிறது. 2024 ஏப்ரலில், அதாவது இவர்கள் திருமணத்துக்கு முந்தைய மாதம், சீதனத்தின்மீது கணவனுக்கு எந்த ஆதிக்கமும் இல்லை என்றும், நெருக்கடியில் பயன்படுத்தினாலும் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் தார்மீகக் கடமை அவனுக்கு உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிப்படுத்தியது. கணவர் இதை எதிர்க்கவில்லை. "ஊருக்குள்ள அப்பா தலகுனியக் கூடாதுன்னு பாத்தேன்" என்று மட்டும் சொன்னார். தந்தையின் மானத்தை மனைவியிடம் பேசுவதே அந்த மானத்தைக் குறைப்பதாகும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். பேராவூரணிப் பக்கத்து ஆண்கள் பலரிடம் நான் காணும் மனநிலை இது. மனைவி வந்த பிறகும் மொய் நோட்டு தாய் தந்தையரின் பெட்டியிலேயே இருக்கும்.

திருப்பம் நிகழ்ந்தது அந்த நோட்டு திருப்பூருக்கு வந்தபோது. தைக்கு முன் தந்தையே அதை எடுத்துக்கொண்டு வந்தார். சங்கிலியை வைத்துத்தான் மகன் பணம் அனுப்பினான் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. "ஒன் சங்கிலியிலதான் மொய் எழுதிருக்கேன்னு இப்பத்தான் தெரியும் ஆத்தா" என்று மருமகளிடம் சொன்னவர், நோட்டை அவர் மடியில் வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு இருவரும் உட்கார்ந்து நோட்டைப் படித்தார்கள். தங்கள் திருமணத்தில் வந்த மொய்யும் அதே நோட்டில் இருப்பதையும், அந்தப் பணம் மண்டபத்துக்கும் சமையலுக்கும் போய்விட்டதையும், ஆனால் திருப்பித் தர வேண்டியவர்கள் தாங்களே என்பதையும் மனைவி அன்றுதான் அறிந்தார். வாழ்த்தி வைத்த பணம் என்று அவர் நினைத்திருந்தது வரும் ஆண்டுகளின் கடனாக வரிசை வரிசையாக நின்றது. பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, நெருங்கிய உறவு எது, கணக்கு மட்டும் எஞ்சிய பழக்கம் எது என்று பிரித்து எழுதியவர் அவர்தான். பதினொரு வீடுகளுக்குப் புதுநடை வைப்பதில்லை, வாங்கியதை மட்டும் திருப்பிக் கணக்கை முடித்துக்கொள்வது என்று முடிவானது. இந்தப் பதினொன்றில் மூன்றைக் கணவரின் தாய் ஏற்கவில்லை. அந்த மூன்றும் அவர் பிறந்த வீட்டு வழி உறவுகள். அவற்றை மீண்டும் சேர்த்தார்கள்.

சங்கிலி விஷயத்தில் அவர்கள் செய்த ஏற்பாடு எங்கள் மையத்திலேயே விவாதத்துக்கு உள்ளானது. முழுத்தொகையையும் கட்டி மீட்கப் பணம் இல்லை. அத்தையிடம் சில நாள் கைமாற்று வாங்கி, நிறுவனத்திலிருந்து நகையை மீட்டு, கூட்டுறவு வங்கியில் மனைவியின் பெயரில் மீண்டும் வைத்தார்கள். வட்டி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அடகுச் சீட்டு மனைவியின் கைக்கு வந்தது. கணவர் பட்ட கடனை மனைவியின் பெயருக்கு மாற்றுவது அவரை இரண்டாம் முறை ஏமாற்றுவதாகாதா என்று சக ஆலோசகர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. நாளை இருவரும் பிரிய நேர்ந்தால் வங்கி கேட்கப்போவது அவரைத்தான். ஆயினும், அவர் இல்லாமல் நகையை மீட்கவோ மேற்கொண்டு பணம் வாங்கவோ முடியாது என்ற நிலையை அவரே விரும்பிக் கேட்டார் என்பதால் நான் தடுக்கவில்லை. வட்டியையும் அசலையும் கணவரின் கூலியிலிருந்தே கட்டுவது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன். அதற்குச் சட்ட மதிப்பு பெரிதாக இல்லை என்பதையும் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

வாரக்கூலி விஷயம் எளிதில் முடிந்தது. சனிக்கிழமை இரவு கணவர் தன் பீஸ் கணக்குச் சீட்டை மனைவியிடம் காட்டிவிடுகிறார். செக்கிங்கில் இருப்பவருக்கு அந்தச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

தாய்வீட்டோடு பட்ட காயம் அவ்வளவு விரைவில் ஆறவில்லை. தலைப்பொங்கல் சீராகப் பித்தளைப் பானையும் கரும்பும் வந்தன. தாய் வரவில்லை, தம்பியை அனுப்பியிருந்தார். மாசியில் மனைவிக்கு நாள் தள்ளிப்போன செய்தி தெரிந்த பிறகே அவர் திருப்பூருக்கு வந்து நான்கு நாள் தங்கினார். மருமகனோடு பேசினார், ஆனால் அவர் வாங்கி வந்த மீனைத் தொடவில்லை. மீன் வாடைக்கு மகளுக்குக் குமட்டுகிறது என்று காரணம் சொன்னார், அது உண்மையும்கூட.

இப்போது முன்னால் நிற்பது 2026 ஆடி. கொரோனாக் கட்டுப்பாடுகளால் 2021-இல் தன் முறையைத் தவறவிட்ட தந்தை, அந்த ஆண்டு விருந்து வைக்கவும், அழைப்பிதழில் மகன், மருமகள் பெயரையும் தனியாகப் போட்டு அவர்களுக்கென்று ஒரு கணக்குத் தொடங்கவும் விரும்புகிறார். 2019-இல் ஊன்றிய கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டதால் அவருக்குத் துணிவு வந்திருக்கிறது. வரும் பணத்தில் திருப்பூரிலேயே மின்சாரத்தில் ஓடும் தையல் இயந்திரங்களான பவர்டேபிள் இரண்டு போட்டுச் சொந்தமாகத் தைக்கலாம் என்பது கணவரின் எண்ணம். கைக்குழந்தையோடு ஒன்றரை ஷிப்ட் போக முடியாத நிலையில், அடுத்த ஐந்தாண்டு ஆடிதோறும் திருப்பி எழுதப் பணத்துக்கு எங்கே போவது என்பது மனைவியின் கேள்வி. கோப்பு மூடப்படவில்லை. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் ஆனிக்கு முன்பாக, மாமனாரையும் உடன் வைத்துக்கொண்டு இன்னோர் அமர்வுக்கு வர இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.